தட்டினால் போதும்

நிலவறைக்கு இறங்கும் படிகளில் பாதியில் நின்றுகொண்டு திபோ தன் மனைவியை ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதைத் தாண்டியபின், சொந்த வீட்டில், கட்டிய மனைவியைத் திருட்டுப் பூனை மாதிரி எட்டிப் பார்க்க வேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். இப்போது சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

கீழே மார்லீஸுக்கு எந்த அவசரமும் இல்லை. பெரிய பீப்பாய்களின் வரிசையைக் கடந்து, மூலையில் கிடந்த சின்னப் பீப்பாயின் முன்னால் போய் நின்றாள். சுவரோரக் குழாயில் கண்ணாடிக் கோப்பையைக் கழுவினாள். முன்துணியில் துடைத்தாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடியும் கழுவினாள். சரி, இனியாவது ஒயினைப் பிடிப்பாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த தொட்டியின் மேல் உட்கார்ந்து, சாவியை மடியில் வைத்துக்கொண்டு, பீப்பாய்களைப் பார்த்தபடி சும்மா இருந்தாள்.

எப்படி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று நினைத்தான் திபோ. பத்திரம் பதிவானதும் புது வீட்டுக்குள் வந்து உட்காருகிறவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள். மேலே மனிதர் உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். இவள் இங்கே சொத்தை ரசித்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் அந்தச் சாவியால் வந்தது. சற்று முன்பு, ஈஸ்டரிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பா அலோய்ஸ், கண்ணைத் திறந்து ஒரு வாய் ஒயின் வேண்டும் என்றார். கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் இருந்தார்கள். டாக்டர் காலையில்தான் வந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திபோ எழுந்து கையை நீட்டினான். அப்பா அவன் கையைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். பிறகு கழுத்துக் கயிற்றில் தொங்கிய நிலவறைச் சாவியை மெதுவாகக் கழற்றி, மறுபக்கம் திரும்பி, மருமகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அந்தச் சாவி சும்மா சாவி இல்லை. இந்த மலையடிவாரத்தில் ஐந்து தலைமுறையாக இந்த வீட்டு எஜமானின் கழுத்தில் கிடப்பது. தாத்தா சாகும்போது அப்பா கையில் கொடுத்தார். அவருடைய அப்பா அவர் கையில் கொடுத்திருந்தார். அப்பா இப்போது அதை ரொட்டிக்கடைக்காரர் மகளின் கையில் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? அவள் தலையைக் கிட்டே இழுத்துக் காதில் வேறு என்னவோ முணுமுணுத்தார். அவள் தலையாட்டிவிட்டு, புருஷனை ஏறெடுத்தும் பார்க்காமல் எழுந்து போனாள்.

அவள் போன பிறகு அப்பாவும் அவனும் மட்டும் இருந்தார்கள். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. திபோவுக்கு உட்கார முடியவில்லை. காதில் என்ன சொன்னார், கீழே போய் இவள் என்ன செய்கிறாள் என்பதே மண்டைக்குள் ஓடியது. நாற்காலியை வாசல் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, "இதோ வந்துடறேம்பா" என்றான். அப்பா போர்வையின் மேலிருந்த கையைக் கொஞ்சம் தூக்கினார். சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் கை அது. பேச்சு போதும், போய் வேலையைப் பார் என்று விரட்டும் கை. போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான் என்று அவன் வந்துவிட்டான்.

ஒருவழியாக மார்லீஸ் எழுந்து குழாயைத் திருகினாள். கோப்பையில் பாதி நிறைந்தது. அவள் படியேறி வந்தபோது அவனால் ஒளிந்துகொள்ள முடியவில்லை.

"நீ ஏன் இங்க நிக்கிற?"

"எவ்வளவு நேரம்? கிணறு வெட்டித் தண்ணி எடுக்கறியோன்னு பார்க்க வந்தேன்."

மார்லீஸ் அவன் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். "முடிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எது முடிந்ததா என்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. "ம்" என்றான்.

அறைக்குள் நுழைந்தபோது அப்பா இறந்திருந்தார். வேறு ஒன்றும் மாறவில்லை. தலைமட்டும் நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

மார்லீஸ் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து அவர் கண்களை மூடிவிட்டாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சத்தம்போட்டு அழுதாள். பெற்ற அப்பாவுக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. திபோ பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். அழுகையிலும் இவள்தான் முந்திக்கொள்கிறாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்பு வந்ததே தவிர, எரிச்சல் போகவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில் ஆரம்பித்த எரிச்சல் அது. கோல்மார் நகரத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மகள். திராட்சைக்கொடியைப் பக்கத்தில் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அப்பா விளையாட்டாக ஒரு கோப்பையை நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் மோந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கு மாமா, ஆனால் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் நின்று குடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். திபோ வாய்விட்டுச் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தானும் மோந்து பார்த்தார். மறு வருஷம் கொடிகளுக்கு மருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டார்.

விவசாயப் பள்ளியில் படித்தவன் திபோ. எந்தப் பூஞ்சைக்கு எந்த மருந்து என்று அட்டவணை போட்டு, டிராக்டரில் உட்கார்ந்து தெளித்துக்கொண்டிருந்தவன் அவன். அவள் ஒரு தடவை மூக்கைச் சுளித்தாள், அவன் படிப்பு முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. வரிசைகளுக்கு நடுவில் புல் வளர்ந்தது. மருந்துக்குப் பதிலாகக் காஞ்சொறிச் செடியை ஊறவைத்த அண்டாக்கள் முற்றத்தில் நாறின. மூன்றாம் வருஷம் பூஞ்சை வந்து பாதிக் குலையைத் தின்றபோது அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையே நான் சொல்லிச் செய்து பாதி விளைச்சல் போயிருந்தால் டிராக்டரை என் மேலேயே ஏற்றியிருப்பார் என்று திபோ அன்றைக்கு நினைத்தான். அதற்குப் பிறகு ஒயின் நன்றாக வந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வந்தார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அப்பா பீப்பாய்களைச் சுற்றி வரும்போது, "மார்லீஸ், நீ சொல்லு பொண்ணே" என்பார். திபோ பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு வருவான்.

கல்யாண வாழ்க்கையில் அவளிடம் அவனுக்கு வேறு ஒரு குறையும் இல்லை. அவளை அவனுக்குப் பிடிக்கும். ராத்திரி அவள் கால் குளிர்ந்திருந்தால் தன் காலை வைத்துச் சூடாக்குவான். விடிந்து நிலவறைப் பக்கம் போனால்தான் அவளைக் கண்டால் ஆகாது.

அவள் அழுதுகொண்டிருந்தபோதே அவனுக்கு மணி ஞாபகம் வந்தது. எஜமான் செத்தால், மாதா கோவில் சாவுமணி அடிப்பதற்குள் பீப்பாய்களிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்து யார் எஜமானோ அவர் போய் ஒவ்வொரு பீப்பாயையும் தட்டி, பழையவர் போய்விட்டார், இனி நான் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒயினும் அவரோடு போய்விடும், புளித்துக் காடியாகிவிடும் என்பார்கள். இந்த ஊரில் இதைக் கேலி செய்யாதவர்களும் இல்லை, செய்யாமல் விடுகிறவர்களும் இல்லை. ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பெரிய தோட்டக்காரர்கள்கூட ஆள் பார்க்காத நேரத்தில் போய்த் தட்டிவிட்டுத்தான் வருவார்கள்.

"பாதிரியாருக்குச் சொல்லிட்டு வரேன்" என்றான் திபோ.

மார்லீஸ் தலையாட்டினாள். சாவி அவள் முன்துணிப் பையில் இருந்தது. ஆனால் கோப்பையோடு ஏறி வந்த அவசரத்தில் நிலவறைக் கதவைப் பூட்டாமல் வந்திருந்தாள். பாதிரியாருக்குப் போன் செய்வதற்கு முன்னால் அவன் அங்கே இறங்கினான்.

முதல் பீப்பாயை விரல் முட்டியால் தட்டினான். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் ஓக் மரம், ஒரு ஆள் உள்ளே நிற்கலாம். "அலோய்ஸ் போயிட்டார்" என்றான். "இனி நான்தான். திபோ." நிறைந்த பீப்பாய், பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்ததிடம் போனான். அதுவும் பொத்தென்றது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒன்றுகூட அவனை நம்பின மாதிரி தெரியவில்லை.

கடைசியில் மூலையில் கிடந்த சின்னப் பீப்பாயிடம் வந்தான். வீட்டில் அதற்குச் 'சின்னவன்' என்று பேர். விற்பனைக்கு இல்லாதது. ஒவ்வொரு வருஷமும் மற்றப் பீப்பாய்களில் மிஞ்சுவதை அதில் ஊற்றுவார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு என்றால் அதிலிருந்து எடுப்பார்கள். அடியில் எத்தனையோ வருஷத்து மண்டி படிந்து கிடக்கும். மேலே பொன்னாகத் தெளிந்து நிற்கும். அப்பா அதைத் தொடும்போதெல்லாம் சொல்வார், இவனைத் தட்டினால் போதும், அசைக்கக் கூடாது என்று. பழைய ஆட்கள் பீப்பாயைத் தட்டுவதோடு, அது கிடக்கும் கட்டையில் ஒரு விரல் அளவு நகர்த்தவும் செய்வார்கள். தூங்குகிறவனைத் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்வது மாதிரி. அப்பாவுக்கு அந்த வழக்கம் பிடிக்காது.

அவன் தட்டினான். சொன்னான். சின்னவன் பொத்தென்றான். குழாய் முனையில் அவள் பிடித்த ஒயினின் துளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இவன்கூட அவள் பக்கம் என்று தோன்றியது. திபோ மறுபடி தட்டினான், உள்ளங்கையால் அடித்தான். பிறகு என்ன வந்ததோ, தோளைக் கொடுத்துத் தள்ளினான். பீப்பாய் கட்டையில் முனகியது. இன்னொரு தடவை தள்ளினான். உள்ளே கனமாக ஏதோ புரண்டது.

"நான்தான்" என்றான் மூச்சிரைக்க. "கேட்டுச்சா? நான்தான்."

மேலே வந்து பாதிரியாருக்குப் போன் செய்தான். சற்று நேரத்தில் மணி அடித்தது.

சாயங்காலம் மார்லீஸ் நிலவறைக் கதவைப் பூட்டிச் சாவியை மறுபடி முன்துணிப் பையில் போட்டுக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான். அவள் சுருக்கமாகக் கேட்டாள்:

"சொல்லிட்டியா அதுங்ககிட்ட?"

"சொல்லிட்டேன்."

"சின்னவனை அசைக்கலையே?"

"நான் என்ன குழந்தையா?" என்றான்.

அடுத்த இரண்டு நாட்கள் அவனுக்கு ஒவ்வொன்றும் உறுத்தியது. துக்கம் கேட்க வந்தவர்கள் பச்சைக் கிளையால் அப்பாவின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு நேரே போய் மார்லீஸின் கையைத்தான் பிடித்தார்கள். பாரிஸிலிருந்து ஒயின் வாங்கும் ஆட்கள் போனில் அவளைத்தான் கேட்டார்கள். அப்பாவுக்கு எந்தக் கோட்டு போடுவது என்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தவர் கேட்டபோதும் அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் பழுப்பு நிறக் கோட்டைச் சொன்னாள். அது சரிதான். திபோவும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் அவனை யாரும் கேட்கவில்லையே. அவன் வாசலில் நின்று வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று கை காட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் அடக்கம். கொடிகள் அப்போதுதான் இலை விட்டிருந்தன. கல்லறையிலிருந்து பார்த்தால் அவர்கள் தோட்டம் மட்டும் வரிசைகளுக்கு நடுவில் காட்டுப்பூவும் புல்லுமாகத் தெரியும். சுற்றியிருந்த தோட்டங்கள் ஒழுங்காகச் சவரம் செய்த முகம் மாதிரி இருந்தன. குழிக்குப் பக்கத்தில் நின்றபோது திபோ அழுதான். மார்லீஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை குளிர்ந்திருந்தது. அவன் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவுச் சாப்பாடு. மாட்டெலும்பு சூப், கார முள்ளங்கித் துருவலோடு வெந்த இறைச்சி, கடைசியில் காப்பியும் நடுவில் குழி விழுந்த கூகல்ஹோப் கேக்கும். நீள மேசையில் ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சேப்பி, அப்பாவின் பள்ளித் தோழர்; பக்கத்துத் தோட்டம் அவருடையது. எண்பதைத் தாண்டியும் வாய் அடங்கவில்லை.

"சூப்பெல்லாம் சரி. அலோய்ஸ் வீட்டுக்கு வந்து வெறும் தண்ணி குடிச்சிட்டுப் போனேன்னு மேல போய் அவன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றார் சேப்பி.

மேசையில் லேசாகச் சிரிப்பு. மார்லீஸ் முன்துணிப் பையிலிருந்து சாவியை எடுத்து, எல்லாரும் பார்க்க, திபோவிடம் நீட்டினாள். "போய் சின்னவன்கிட்டேர்ந்து எடுத்துட்டு வா."

சாவுச் சாப்பாட்டுக்கு ஒயின் எடுத்து வந்து ஊற்றுவது புது எஜமானின் வேலை. அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் வேலைக்காரனைக் கடைக்கு அனுப்புகிற மாதிரி சொன்னாளே என்றுதான் பட்டது. சாவி சூடாக இருந்தது, அவள் உடம்புச் சூடு. சாம்பல் நிற மண்ஜாடியை எடுத்துக்கொண்டு இறங்கினான். நிலவறை மங்கல், ஜாடிக்குள் என்ன நிறம் என்று தெரியவில்லை. நிரப்பிக்கொண்டு வந்து, மேசையைச் சுற்றி ஒவ்வொரு கோப்பையிலும் தன் கையால் ஊற்றினான். முதலில் சேப்பிக்கு.

பாதி மேசையைத் தாண்டியபோதுதான் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தான். எல்லாருடைய கோப்பையிலும் ஒயின் கழுநீர் மாதிரி இருந்தது.

சேப்பி தன் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். மெதுவாகச் சுழற்றினார். "மே மாசத்துல சின்னவன் இப்படி இருக்க மாட்டானே" என்றார். "யாரு இவனைப் போட்டு உருட்டினது?"

மேசையில் இருந்த அத்தனை பேரும் இந்தத் தொழிலில் நரைத்தவர்கள். சாவு மணிக்கு முன்னால் யாரோ பீப்பாயைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எதற்காக உலுக்குவார்கள் என்றும் தெரியும். கண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திபோவின் பக்கம் இல்லை. மார்லீஸின் பக்கம்.

திபோ ஜாடியைப் பிடித்தபடி நின்றான். நிலவறைக்கு அவள்தான் எஜமானி என்று ஊரே முடிவு கட்டியிருக்கிறது. அதனால் கெட்டதும் அவள் கணக்கில்தான் போகும். ஒரு கணம் அது அவனுக்கு இனித்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் தப்பு செய்துவிட்டாள் என்று ஊர் நினைக்கிறது. வாயைத் திறந்தால் போதும், இல்லை, நான்தான் என்று சொல்லிவிடலாம். அவன் திறக்கவில்லை.

"நான்தான் சேப்பி மாமா" என்றாள் மார்லீஸ். சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரொட்டிக்கடைக்காரி புத்தி. மாவுப்பானை மாதிரி ஆட்டிட்டேன்."

யாரோ கனைத்தார்கள். இன்னொருவர், மோசமில்லை, வாசனை போகவில்லை என்று சமாதானம் சொல்லிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். மார்லீஸ் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது அவனுக்கு. இப்படிப் பெருந்தன்மையாக இருப்பதிலும் அவளே ஜெயிக்கிறாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சேப்பி வாசலில் திபோவின் கோட்டுப் பட்டனைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன்டா, பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டியே, வெக்கமா இல்ல?"

திபோவின் முகம் சிவந்தது. "எப்படித் தெரியும்?"

"அந்தப் பீப்பாய் பக்கத்துல தலைமுடி உதிர்ந்தாக்கூட சத்தம் கேக்காம எடுத்துப் போடற பொண்ணு அவ. அவ ஆட்டுவாளாக்கும்." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பனும் ஆட்டினான்டா. உங்க தாத்தா செத்தன்னிக்கு. அவனோட பெரியண்ணன் வந்து எஜமானாயிடுவானோன்னு அவனுக்குப் பயம். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிட்டான். நாங்க எல்லாரும் சேத்துத் தண்ணி மாதிரி குடிச்சோம். அதுக்கப்புறம்தான் தட்டினாப் போதும், தட்டினாப் போதும்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சான்."

"நிஜமாவா?"

"உன் மூஞ்சி அவன் மூஞ்சியேதான். போ, போய் அவளுக்குப் பாத்திரம் கழுவிக் குடு."

திபோ வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். மனசு லேசாகியிருந்தது. அப்பாவும் ஆட்டியிருக்கிறார். அப்பாவுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. மோப்பமும் நாக்கும் அவளுக்குப் போயிருக்கலாம். இந்த எரிச்சல் அப்பாவிடமிருந்து நேரே தனக்குத்தான் வந்திருக்கிறது. பல வருஷங்களில் முதல் தடவையாக அவன் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனான்.

மார்லீஸ் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றான்.

"வேற என்ன சொல்றது? அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு உன்னை மேசையில வெச்சு உரிக்க விடறதா?" அவள் ஒரு கோப்பையை அலசி அவனிடம் நீட்டினாள். "ஆனா நீ ஏன் தள்ளினேன்னுதான் எனக்குப் புரியல. யாரு உன்கிட்டேர்ந்து பிடுங்க வந்தா?"

அவன் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "உன்கிட்டதானே குடுத்தார். நீயே வெச்சுக்கோ."

மார்லீஸ் ஈரக் கையோடு திரும்பினாள். சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அட லூசு" என்றாள். கோபமாக இல்லை. "அது என்னை வெளியில அனுப்பறதுக்குக் குடுத்தது. அவருக்கு ஒயின் எங்க இறங்கும்? ரெண்டு நாளா தண்ணியே இறங்கல."

"வெளியில அனுப்பறதுக்கா?"

"காதுல என்ன சொன்னார்னு நினைச்ச? 'பொண்ணே, நீ மெதுவாப் போய் மெதுவா வா. எனக்கு அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ இருந்தா எனக்கு வெக்கமா இருக்கும்'னார். நானும் கோப்பையை ரெண்டு தடவை கழுவினேன். அப்பவும் சீக்கிரமா இருக்கேன்னு அந்தத் தொட்டிமேல உக்காந்துட்டேன். நெஞ்சு அடிச்சுக்குது, போயிடுவாரோ போயிடுவாரோன்னு. ஆனா எழுந்திருக்கல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரக் கூடாதுன்னு."

திபோ கையிலிருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"அப்புறம் நீ படியில வந்து நிக்கறதைப் பார்த்தேன். சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டார், இவனும் கேட்டுட்டு வந்துட்டான்னு நிம்மதியாச்சு. அதான் முடிஞ்சுதான்னு கேட்டேன்." அவள் முன்துணியில் கையைத் துடைத்தாள். குரல் தயங்கியது. "என்ன சொன்னார்? கேக்கக் கூடாதுன்னுதான் இந்த மூணு நாளா இருந்தேன். சொல்ல முடியாததுன்னா வேணாம்."

வெளியே, அடக்கத்துக்கு வந்திருந்த அவர்கள் மகள் மேசைகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றான் திபோ. "கீழத் தோட்டத்துல புல்லு. இப்போ வெட்ட வேணாம்னார். பூ உதிரட்டும்னார்."

"அவ்வளவுதானா?" மார்லீஸ் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "அதுக்கா அந்த மனுஷனுக்கு வெக்கம்?"

"அவ்வளவுதான்."

துணியை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு அவன் மாடிக்குப் போனான். அப்பாவின் அறையில் கட்டிலை விரிப்பு எடுத்து வெறுமனே விட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. விளிம்பில் அவள் அன்றைக்கு வைத்த கோப்பை அப்படியே இருந்தது. கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. பாதிக் கோப்பை ஒயின், பொன்னாகத் தெளிந்து, உள்ளே ஜன்னல் சட்டம் தலைகீழாகத் தெரிந்தது.

நாற்காலி அவன் தள்ளிவிட்டுப் போன இடத்திலேயே, வாசலைப் பார்த்துக் கிடந்தது.

கீழேயிருந்து மார்லீஸ் கூப்பிட்டாள், காப்பி சூடாக இருக்கிறது என்று. அவன் கதவைச் சாத்தினான். நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி, கட்டில் பக்கமாகத் திருப்பிப் போட்டான். உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அப்பாவின் தலை இருந்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் குனிந்தான்.